வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடும்பத்தோடு இருக்கலாமா?

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றில் 6,000 ரூபாய் வாடகைக்கு வீடு கிடைக்கிறது. மனைவி நர்ஸ், மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. மகன் ஒன்பதாம் வகுப்பு. கூட வேலை செய்பவர்கள் எல்லாம் "அங்கயா போறீங்க?" என்று கேட்டுப் பயமுறுத்துகிறார்களாம். போகலாமா, வேண்டாமா? போனால் எந்த மாடி நல்லது?

போகலாம். ஆனால் ஏரியாவை விசாரிப்பதை விட்டுவிட்டு பிளாக்கை விசாரியுங்கள். ஒரே குடியிருப்பில் நாலாவது பிளாக்கில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஏழாவது பிளாக்கில் எட்டு மணிக்கே கதவைச் சாத்திவிடுவார்கள். நடுவில் இருப்பது ஒரு குப்பைத்தொட்டியும் நாற்பது அடி தூரமும்தான்.

நான் பிறந்தது இப்படி ஒரு பிளாக்கில். அப்பா பின்னி மில் தொழிலாளி. இருபத்தைந்து வருடமாக ஜார்ஜ் டவுன், எழும்பூர் கோர்ட்டுகளில் கிரிமினல் கேஸ் நடத்துகிறேன். குற்றம் நடக்கிற இடத்தில் தூங்கி எழுந்து, அது கேஸாக வந்து சேருகிற இடத்தில் சம்பாதிக்கிற ஆள்.

முதலில் பேப்பரில் வருவதைப் பேசிவிடுவோம். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்றே நாளில் சென்னை போலீஸ் கமிஷனர் மாற்றப்பட்டார். உங்கள் ஆபீஸ்காரர்கள் மனதில் ஓடுவது அந்தப் படம்தான். இங்கே கொலை நடக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் என் மேஜைக்கு வந்த கொலைக் கேஸ் கட்டுகளைப் புரட்டினால், வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒருவரை ஒருவர் அறியாத கேஸை விரல்விட்டு எண்ணிவிடலாம். அண்ணனைப் போட்டவனைத் தம்பி போடுவான். முதல் வருட நினைவு நாள் வந்தால் போலீசே அந்தத் தெரு முனையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும். புதிதாகக் குடிவரும் நர்ஸ் குடும்பத்துக்கு அந்தக் கணக்கில் வரவும் கிடையாது, பற்றும் கிடையாது.

உங்களுக்கு வரக்கூடிய தொல்லை வேறு மாதிரி. பைக்கில் பெட்ரோல் இருக்காது. ஒரு நாள் பைக்கே இருக்காது. பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்கள் பக்கம் ரயில் மெதுவாகிற இடங்களில், வாசற்படியில் நின்று போன் பேசுபவர் கையைக் கம்பால் தட்டிவிட்டு, விழுந்த போனைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவது பழைய வித்தை. வீட்டில் எல்லோருடைய போனிலும் *#06# அழுத்தி, வருகிற ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். போன் போனால் புகார் ரசீதை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கலாம். எண் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனால் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

இதெல்லாம் ஊர் முழுக்க இருக்கிற தொல்லை. எங்கள் வாரியக் குடியிருப்புக்கு என்றே ஒன்று இருக்கிறது: படிக்கட்டு.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது, அடுத்த வருடம் அதற்கான சட்டம். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று எழுதி, குடிசை இருந்த இடத்திலேயே நாலடுக்கு பிளாக்குகளைக் கட்டினார்கள். வீடு இருநூறு, இருநூற்றைம்பது சதுர அடி. நெருப்புப் பிடித்துத் தெருவே சாம்பலாகிற பயம் போனது. அதை நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் வாரியத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். கட்டியபோது இந்தப் பக்கம் பின்னி மில் இருந்தது, துறைமுகத்தில் கைவேலை இருந்தது. ஷிஃப்ட் விட்டு வருகிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கும் படியேறிக்கொண்டிருப்பார்கள். 1990களில் மில் மூடியது. துறைமுகத்தில் கன்டெய்னர் வந்ததும் மூட்டை தூக்கும் ஆள் தேவையில்லை. 2000த்துக்குப் பிறகு, கால்வாய் ஓரத்தில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். தெருவில் எந்தப் பையன் யார் மகன் என்று தெரிந்த கிழவிகளும் அவர்களோடு போய்விட்டார்கள். நல்ல போலீஸ்காரர் நாலு பேர் செய்கிற வேலையை அந்தக் கிழவிகள் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

கட்டிடம் மட்டும் நின்றது. அதை யார் பார்த்துக்கொள்வது? வீட்டுக்குள் நம்முடையது. தெரு மாநகராட்சியுடையது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி வாரியத்துடையது என்று பேர். வாரியமோ, வீட்டை உங்களுக்குக் கொடுத்தாயிற்றே, நீங்கள்தான் பராமரிக்க வேண்டும் என்கும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட பிளாக் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. விரிசலைப் பார்த்துச் சனங்கள் முன்கூட்டியே இறங்கி ஓடியதால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில், சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. சட்டசபை வரை போனது. வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியதும் அந்த வருடம்தான். நாங்கள் இன்னும் ஹவுசிங் போர்டு என்றுதான் சொல்கிறோம்.

யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் பல்பு எரியாது. பல்பு எரியாத படியில் முதலில் இரண்டு பேர் கட்டிங் போட உட்காருவார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை, நமக்கென்ன என்று எல்லோரும் தாண்டிப் போவார்கள். மூன்று மாதத்தில் அங்கே பொட்டலம் கை மாறும். அப்புறம் வாங்க வருகிற வெளி ஆட்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பெண் படியேறும்போது உட்கார்ந்திருப்பவன் வழிவிடமாட்டான். வழிவிடு என்று சொன்னால் சண்டை. சொல்லாவிட்டால் நாளைக்கு அவன்தான் அந்தப் படிக்கு ஓனர். எங்கள் பிளாக்கில் பல்பு போட்ட மறுநாளே களவு போகும். கடைசியில் மூன்றாவது மாடிப் பெண்கள் சேர்ந்து, தங்கள் வீட்டிலிருந்தே வயர் இழுத்து, கம்பிக் கூண்டு வைத்து பல்பு மாட்டினார்கள். மாதம் ஒரு வீடு கரண்ட் கொடுக்கும். பக்கத்து பிளாக்குக்கு இடம் பெயர்ந்தது கும்பல். அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் எங்கள் படி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

அதனால் வீடு பார்க்கும்போது வீட்டைக் கடைசியாகப் பாருங்கள். மூன்று தடவை போங்கள். காலையில் தண்ணீர் வருகிற நேரம் ஒன்று: குடத்தை வரிசையாக வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் நல்ல பிளாக்; குடத்துக்குக் குடம் கத்தல் என்றால் உள்ளே ஒற்றுமை இல்லை, நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றாலும் கதவு திறக்காது. இரண்டாவது, சாயந்திரம் ஏழு மணி: படியில் விளக்கு எரிகிறதா, கீழே அரைக்கால் சட்டைக் குழந்தைகள் விளையாடுகிறார்களா என்று பாருங்கள். மூன்றாவது, சனிக்கிழமை ராத்திரி பதினொன்று. அன்றைக்குத்தான் வாரக் கூலி கைக்கு வரும், டாஸ்மாக் மூடி எல்லோரும் திரும்பி வருகிற நேரமும் அதுதான். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அந்த பிளாக்கில் ஆள் இருக்கிறார்கள் என்று பொருள். மேலே சிரிஞ்ச் கிடந்தால் பேசாமல் இறங்கி வந்துவிடுங்கள். வலி மாத்திரை என்று இங்கே சொல்லப்படும் போதை மாத்திரை இன்றைக்குக் கஞ்சாவைவிட எனக்குப் பயம் தருகிறது. வாடை வராது, பெற்றவர்களுக்குக் கடைசி வரை தெரியாது.

கீழே காலையில் இட்லிக் கடை போடுகிற அக்கா ஒருவர் எப்படியும் இருப்பார். இரண்டு நாள் அவரிடம் சாப்பிட்டுவிட்டு விசாரியுங்கள். வீட்டு புரோக்கரிடம் விசாரிக்காதீர்கள்.

உங்கள் மனைவி விஷயம். மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து மெயின் ரோட்டுப் பயணம் எவ்வளவோ தேவலை. ஆபத்து கடைசி இருநூறு மீட்டரில் இருக்கிறது. ஒரே ஆட்டோக்காரரை, முடிந்தால் அதே குடியிருப்பில் இருப்பவரை, மாதக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். அவர் ஆட்டோ உள்ளே வரும்போதே எந்த வீட்டுக்காரம்மா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நர்ஸ் என்பதும் ஒரு கவசம்தான். ராத்திரி காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். இரண்டு முறை தட்டியபிறகு அந்தப் படியில் எவனும் வாய் திறக்கமாட்டான். மழைக்காலத்தில் மட்டும் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும். மாற்று வழியைப் பகலிலேயே பழகிக்கொள்ளட்டும்.

இனி உங்கள் மகன். நான் உண்மையில் எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான்.

பதினான்கிலிருந்து பதினெட்டு வரை ஒரு பையனுக்கு இங்கே வெட்டு விழும் என்ற பயத்தைவிட, கேஸ் விழும் என்ற பயம் எனக்கு அதிகம். எப்படி விழும் என்றால், முதலில் ஒரு அண்ணன் வருவார். பைக் ஓட்டக் கொடுப்பார். பிரியாணி வாங்கிக் கொடுப்பார். அவர் கேட்பதெல்லாம் சில்லறை வேலை: இந்தப் பையை எம்.கே.பி. நகரில் கொடுத்துவிட்டு வா, அவன் டீக்கடைக்கு வந்தால் ஒரு மிஸ்டு கால் கொடு. பையில் என்ன இருக்கிறது என்று பையனுக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்துகொள்வான். ஒரு கிலோவுக்கு மேல், இருபது கிலோவுக்குள் கஞ்சா கையில் இருந்தால் சட்டப்படி பத்து வருடம் வரை சிறைத்தண்டனை உள்ள குற்றம். மிஸ்டு கால் கொடுத்தவன் பெயர் கொலைக் கேஸில் ஏழாவது எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனாக, வரும். பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போடுவது இன்னொன்று. அந்த வீடியோவே போலீசுக்குச் சாட்சி. அதில் பின்னால் நின்று கைதட்டிய பையன்களின் அம்மாக்கள் என் ஆபீசில் உட்கார்ந்து அழுததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் இறக்குவது கடினம். ஏரியாவில் எது நடந்தாலும் ராத்திரி கதவைத் தட்டுவார்கள். 75 கேஸ் என்பார்கள், பொது இடத்தில் ரகளை செய்ததாக 1888ஆம் வருடத்து சென்னை நகரப் போலீஸ் சட்டத்தில் போடுவது. நூத்திப்பத்து என்பார்கள், நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குவது. புதிய சட்டத்தில் அது 129ஆவது பிரிவு, ஆனால் ஸ்டேஷனிலும் தெருவிலும் இன்னும் நூத்திப்பத்துதான். பிறகு ரவுடி லிஸ்டில் சி, பி, ஏ, ஏ பிளஸ் என்று பள்ளிக்கூட மார்க் மாதிரி ஏறும். அதற்கும் மேலே, விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கும் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டம். உள்ளே போனவன் வெளியே வரும்போது இன்னும் பெரிய அண்ணன்களின் அறிமுகத்தோடு வருவதை நான் பார்த்த அளவுக்கு, திருந்தி வந்ததைப் பார்த்ததில்லை. குண்டர் சட்டத்தை ஆதரிப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். இருபத்தைந்து வருடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

பதினெட்டு வயதுக்குள் பையனைப் பிடித்தால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது: சிறார் நீதிச் சட்டம் 2015படி அவனை லாக்கப்பில் வைக்கக்கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். ஆதார், பள்ளிச் சான்றிதழ் நகல்களை வீட்டில் கையெட்டும் இடத்தில் வையுங்கள், ஏனென்றால் முதல் வாக்குவாதமே வயதில்தான் வரும். இலவச வக்கீலுக்கு 15100 என்ற சட்டப்பணிகள் ஆணைக்குழு எண்ணில் கூப்பிடலாம். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்" என்றால் நீங்களும் கூடவே போய் அங்கேயே உட்கார்ந்திருங்கள். என் சொந்த அக்கா மகனை அப்படிச் சும்மா விசாரிக்கக் கூட்டிப்போய் இரண்டு நாள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்லவில்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கே அந்த கதி.

பயமுறுத்திவிட்டு விடக்கூடாது. இதே தெருக்களில் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சாயந்திரம் போக வேறு இடங்களும் உண்டு. 2008இல் கேரம் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் மகள். ஃபுட்பால் என்றால் வியாசர்பாடியில் சந்துக்கு ஒரு டீம். போலீசே நடத்துகிற சிறார் மன்றங்களும் இருக்கின்றன. டியூஷனும் விளையாட்டும் உண்டு. தங்கம் வாங்க வேண்டும் என்பதில்லை. ஐந்திலிருந்து எட்டு மணி வரை பையன் எங்கே இருக்கிறான் என்று ஒரு கோச்சுக்குத் தெரிந்திருந்தால், அந்த அண்ணனுக்கு நேரம் கிடைக்காது.

தண்டல் பற்றி ஒரு வார்த்தை. பத்தாயிரம் கேட்டால் ஆயிரத்தைந்நூறு பிடித்துக்கொண்டு எட்டாயிரத்தைந்நூறு கொடுப்பார்கள், தினமும் நூறு ரூபாய் நூறு நாள். அவசரத்துக்கு வாங்காதவர் இங்கே இல்லை. இரண்டு நாள் தவறினால் வாசலில் நின்று பேசுகிற பேச்சுதான் வட்டி. அநியாய வட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் புகார் கொடுத்தவருக்கு அடுத்த முறை ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாரும் கடன் தரமாட்டார்கள் என்பதால் அது புத்தகத்திலேயே தூங்குகிறது. உங்கள் இருவருக்கும் மாதச் சம்பளம் இருக்கிறது. மகளிர் குழுவில் மனைவியைச் சேர்த்துவிடுங்கள், தண்டல் பக்கம் போகாதீர்கள்.

புகார் கொடுக்கவும் ஒரு பக்குவம் வேண்டும். ஸ்டேஷன் வாசலில் யார் நுழைகிறார்கள் என்று பார்ப்பதற்கே எதிர் டீக்கடையில் ஆள் இருக்கும். போதை விஷயமென்றால் 10581 என்ற இலவச எண் போதும், நேரில் போக வேண்டாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்து என்றால் 112. எழுதிக் கொடுக்கிற புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்; எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். வாங்க மறுத்தால் துணை கமிஷனருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். தெருவிளக்குக்கு மாநகராட்சி 1913. படிக்கட்டு விளக்குக்கு அங்கே கூப்பிட்டால் வாரியத்தைக் கேள் என்பார்கள், முன்னமே சொன்ன கதை. பிளாக்கில் சங்கம் பதிவாகியிருந்தால் வாரியத்தின் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில், சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் போடும். சங்கம் இருக்கிறதா என்பதையும் இட்லிக் கடை அக்காவிடமே கேட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒன்று. வாரியம் ஒதுக்கிய வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் வாடகைக்கு விடக்கூடாது என்பது விதி. நடைமுறையில் தெருவுக்குத் தெரு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் பெயரில் கிரயப் பத்திரம் முடிந்துவிட்டதா, ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தானா என்று கேட்டு, தாளைக் கண்ணால் பாருங்கள். ஆணை மட்டும் என்றால் ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார். ஒப்பந்தம் இல்லாமல் முகவரிச் சான்றும் கேஸ் கனெக்‌ஷனும் இழுபறிதான். வாரியம் கணக்கெடுக்க வந்தால் உங்களை மாமா, சித்தப்பா என்று சொல்லச் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு 50,000 அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டு மாத வாடகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். இந்த முகவரியைப் பார்த்ததும் சில பேங்குகள் பர்சனல் லோன் ஃபார்மை ஓரமாக வைத்துவிடும், அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

மாடி கேட்டிருந்தீர்கள். இரண்டாவது மாடி. கீழ்த்தளத்தில் மழை வந்தால் சாக்கடை உள்ளே வரும், பைக் சத்தம் ராத்திரி முழுக்க இருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கீழ்வீட்டுக்காரர்கள் நாலு நாள் எங்கள் வராந்தாவில்தான் படுத்திருந்தார்கள். கடைசி மாடியில் கூரை ஒழுகும், மொட்டை மாடிக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் உங்கள் வாசலைத் தாண்டித்தான் போவான். இரண்டாவது மாடியில், படிக்கு ஒட்டின வீட்டை விட்டு அடுத்ததாகப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி போய்ப் பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.